பூச்சுக் கம்பியும் பிடாரி உத்தரவும்

சொர்ணவல்லிக்குப் பொய் சொல்ல வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, அந்த மாதிரி. முயற்சி பண்ணாமல் இல்லை. பொய்யை வாய்வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அங்கே வந்ததும் அது புது மாடு மாதிரி கால் ஊன்றி நின்றுவிடும். பின்னால் வந்த உண்மை அதை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிடும்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே இது தெரிந்துபோயிற்று. மாப்பிள்ளையின் அத்தை சும்மா இராமல், "கழுத்துச் சங்கிலி நல்லாருக்கே" என்றாள். "நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளுது. அவங்க பொழுது சாய ஒரு விசேஷத்துக்குப் போகணுமாம், சீக்கிரமாப் பாத்துட்டுப் போங்க" என்றாள் சொர்ணவல்லி. அவளைப் பெற்றவள் அடுப்படிக்குள் போனவள் போனவள்தான். தாம்பூலம் மாற்றுகிறவரைக்கும் வெளியே வரவில்லை. மாப்பிள்ளை ஆவுடையப்பன் மட்டும் சிரித்தார். அவர் சிரிப்பது ஊரணி நிறைகிற மாதிரி. நல்ல மழை வருஷத்தில்தான் நடக்கும். கல்யாணம் முடிவானது அந்தச் சிரிப்பில்தான்.

விராலிமலையிலிருந்து மதுரைப் பக்கம் போகிற பெரிய ரோட்டில், ஊருக்குக் கிளைச்சாலை பிரிகிற கருங்கல்லூரணி விலக்கில் அவள் இட்லிக்கடை போட்டாள். விலக்கில் பஸ் நிற்கும், லாரி நிற்கும், மயிலும் நிற்கும். லாரிக்காரர்கள் இறங்கியதும் முதலில் கேட்பது விலையை இல்லை.

"அக்கா, இட்லி எப்படி?"

"நேத்து மாவு. புளிச்சிருக்கு. தோசைன்னா ஓடும்."

"சாம்பாரு?"

"பருப்பைத் தேடித்தான் எடுக்கணும். சட்னி நல்லாருக்கு."

ரோடு நெடுக எத்தனையோ கடை இருக்க, லாரிகள் இங்கே வந்து நின்றதற்கு இதுதான் காரணம். எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்கிற ஒரே கடை இது. மலையிலிருந்து இறங்கி வருகிற மயில்கூட, அவள் சொல்வதைத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் இட்லியில் வாய் வைக்கும் என்று கடையில் பாத்திரம் கழுவுகிற மருதாயி சொல்லுவாள். மருதாயிக்குப் பொய் நன்றாக வரும். அவள் சொர்ணவல்லிக்கு ஓரகத்தி முறை. ஆவுடையப்பனின் ஒன்றுவிட்ட தம்பி மலைக்கொழுந்துவின் பெண்சாதி.

கடையை ஒட்டியே ஒரு தகரக் கொட்டகை. ஆவுடையப்பன் அதில் மோட்டாருக்குக் காயில் கட்டுவார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பார். சுற்றுவட்டாரத்தில் எந்த போர்வெல் குழிக்குள் கையை விட்டாலும் அவர் கட்டிய காயில் அகப்படும். வாயிலிருந்து வார்த்தை அதிகம் வராது. வந்தால் அது வார்னிஷைப் பற்றித்தான் இருக்கும். "கம்பியில உசுரு இல்ல. பூச்சுலதான் உசுரு. பூச்சு நல்லாருந்தா கம்பியை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் ஊரே அவரைத் திரும்பிப் பார்க்கும். ஊரணிக்கரைப் பிடாரிக்குப் பங்குனியில் காப்புக் கட்டி, எட்டாம் நாள் காலையில் கரகம் எடுப்பார்கள். கரகம் தூக்குகிற பாத்தியதை ஆவுடையப்பன் வீட்டுக்கு. அவருடைய அப்பா தூக்கினார், முழங்கால் மடங்கியபின் இவர் தலைக்கு வந்தது. ஒரு வருஷம் "என்னால முடியாது" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், கரகம் பங்காளி தலைக்குப் போய்விடும். போனது திரும்ப வராது. அந்தப் பங்காளிதான் மலைக்கொழுந்து. வருஷா வருஷம் கரகத்துக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வருவார். குடை பிடிக்கிறவர் பார்வை எப்போதும் அண்ணனின் கழுத்து மேலேயே இருக்கும், எப்போது சாயும் என்பது போல.

போன தை மாசம் ஒரு நண்பகலில், எரிந்த மோட்டார் ஒன்றைத் தூக்கப் போன ஆவுடையப்பன் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

"வாயுவா இருக்கும்."

"வாயுன்னா ஏப்பம் வரணும். ஒங்களுக்கு வேர்வை வருது" என்றாள் சொர்ணவல்லி. சொல்லிக்கொண்டே ரோட்டுக்கு ஓடி, கரண்டியைக் குறுக்கே நீட்டி ஒரு லாரியை நிறுத்தினாள். தர்பூசணி லாரி. டிரைவர் அவள் கடையில் புளித்த இட்லியிலிருந்து தப்பித்த ஆள். அந்த நன்றியில் திருச்சிவரைக்கும் அவர் பிரேக்கில் கால் வைக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, பின்னால் ஒரு லாரி தர்பூசணி. அப்படித்தான் அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கினார்கள்.

மணிக்கட்டு வழியாக உள்ளே போய், நெஞ்சின் அடைபட்ட குழாயில் ஒரு வலைக்கம்பியை விரித்து வைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் டாக்டர் கலைமதி வந்து கட்டிலருகே நின்றார். சின்ன வயசு. பேனா ஸ்பிரிங் போல இருந்த மாதிரிக் கம்பி ஒன்றைக் கையில் வைத்துக் காட்டினார்.

"இதுதான்யா ஒங்களுக்குள்ள இருக்கு. வெறும் கம்பி இல்ல, மேல மருந்துப் பூச்சு இருக்கு."

ஆவுடையப்பன் நெஞ்சு வலிக்கு எழுந்து உட்காராதவர், பூச்சு என்றதும் எழுந்து உட்கார்ந்தார்.

"வார்னிஷா?"

"அந்த மாதிரின்னு வச்சுக்கங்க."

"காஞ்சிருச்சா?"

"காயக்கூடாதுய்யா. அது கொஞ்சங்கொஞ்சமாக் கசியணும். மாசக்கணக்குல மருந்து மெதுவா எறங்கிக்கிட்டே இருக்கும். கம்பி வச்ச எடத்துல சதை ஓவராத் தழைச்சு மறுபடியும் வழியை அடைச்சிரக் கூடாதுல்ல, அதைப் பாத்துக்கும்."

கசிகிற பூச்சு என்றதில் ஆவுடையப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கொட்டகையில் அப்படி ஒரு மோட்டார் வெளியே போனால் ஊரைவிட்டே போயிருப்பார். டாக்டர் அதைக் கவனிக்காமல், இரண்டு விதமான மாத்திரை அட்டையைச் சொர்ணவல்லி கையில் கொடுத்தார். "இதை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. ஒரு வருஷத்துக்கு நான் சொல்லாம நிறுத்தக்கூடாது" என்றார். சொர்ணவல்லி தலையாட்டினாள். ஆவுடையப்பன் அந்த மாதிரிக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்ட மாதிரித் தெரியவில்லை.

ஊருக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. ஆவுடையப்பன் நெஞ்சுக்குள் மருந்து ஊறுகிறது என்பதுதான் செய்தி. மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. அவரைக் கடித்த கொசு சுற்றிச் சுற்றிப் பறந்து விழுகிறது என்றார்கள். விழுந்த கொசுவைத் தின்ற பல்லிக்கு இழுப்பு நின்றுவிட்டது என்றார்கள். மேலத்தெருவில் ஒருத்தி, அவர் வேர்வை துடைத்த துண்டைப் பேரப்பிள்ளையின் சளிக்குக் கேட்டு ஆள் அனுப்பினாள். துண்டைத் துவைத்துவிட்டதாகச் சொர்ணவல்லி சொன்னதும், "துவைச்ச தண்ணி இருக்கா?" என்று திரும்பவும் ஆள் வந்தது.

ஆவுடையப்பன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரையை நீட்டினால் முழுங்கினார். கொட்டகைக்குப் போனார். கனமானதைத் தூக்காமல், உட்கார்ந்தபடியே கம்பி சுற்றினார். இரண்டு மாசம் இப்படியே போயிற்று.

பங்குனி வந்தது. காப்புக் கட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. மலைக்கொழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒரு சந்தேகம், அம்புட்டுத்தான்."

அவருக்கு வருகிற சந்தேகமெல்லாம் இரண்டு மாசம் ஊறப்போட்டதாகத்தான் இருக்கும். கருங்கல்லூரணியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டினவர், அதை அவிழ்க்கிறவரைக்கும் வாயில் மருந்து வைக்கக்கூடாது. உடம்பைப் பிடாரியிடம் ஒப்படைத்தாயிற்று, அப்புறம் வைத்தியம் பார்த்தால் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடும். தலைவலித்தால் திருநீறு, வயிறு வலித்தால் மஞ்சள் தண்ணி.

"அண்ணன் நெஞ்சுக்குள்ள மருந்து ராவும் பகலும் ஒழுகிக்கிட்டே இருக்கு. காப்புக் கட்டினாலும் ஒழுகும். கரகத்தைத் தூக்கினாலும் ஒழுகும். அப்ப அது மருந்து தின்ன கணக்கா, திங்காத கணக்கா? பூசாரிதான் சொல்லணும்."

கூட்டம் அசந்துவிட்டது. தங்கப்பல் கட்டினவர் தீச்சட்டி எடுத்திருக்கிறாரே என்றார் ஒருவர். பல்லில் மருந்து இல்லை என்றார் மலைக்கொழுந்து. காலில் பிளேட் வைத்தவர் காவடி எடுத்தாரே என்றார் இன்னொருவர். அது வெறும் கம்பி, இது மருந்துக் கம்பி என்றார் மலைக்கொழுந்து. பெண்கள் பக்கத்தில் நின்ற சொர்ணவல்லி, இந்த ஆளுக்கு இம்புட்டு விவரம் எப்படி என்று மருதாயியைப் பார்த்தாள். மருதாயி வேப்பமரத்தைப் பார்த்தாள்.

பூசாரி கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசித்தால் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவார், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

"காப்புக் கட்டுறதுக்கு முன்னாடி தின்ன சோறு வயித்துல கெடந்தா வெரதம் கெடுமா?"

"கெடாது" என்றது கூட்டம்.

"கம்பி உள்ள போனது தை மாசம். காப்புக் கட்டுறது பங்குனி. முன்னாடி போனது முன்னாடி போனதுதான். தானாக் கசியிறது வேற, நாமளா எடுத்து முழுங்குறது வேற. கம்பிக்குத் தடை இல்ல."

ஆகா என்றார்கள். கோர்ட்டில்கூட இப்படி ஒரு தீர்ப்பு கிடைக்காது என்றார்கள். மலைக்கொழுந்து மட்டும் உட்காரவில்லை.

"சரி. அப்ப தெனம் முழுங்குற மாத்திரை?"

எல்லாரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்தார். ஊர்க் கூட்டத்தில் அவர் வாய் திறந்து யாருக்கும் நினைவில்லை.

"கம்பியிலயே மருந்து பூசியிருக்கு. அது பாத்துக்கும். மாத்திரையை நிறுத்திக்கிறேன்."

"ஏங்க!" என்று சொர்ணவல்லி கத்தியது, முடிவானதும் அடிக்கிற உறுமியில் முங்கிப்போயிற்று.

விடிந்ததும் ஆவுடையப்பனோடு, குடை பிடிக்கிற மலைக்கொழுந்துவும் மற்றவர்களும் காப்புக் கட்டினார்கள். காப்புக்காரர்கள் எட்டு நாளும் கோயில் கொட்டகையிலேயே தங்க வேண்டும். வீட்டிலிருந்து பாலும் பழமும் மட்டும் போகும். சொர்ணவல்லி கடையைத் திறந்தாள், ஆனால் கை ஓடவில்லை. யாராவது "இட்லி எப்படிக்கா?" என்றால், "எனக்குத் தெரியல, நான் இன்னைக்கு இட்லியையே பாக்கல" என்றாள். மதியத்துக்கு மேல் மனசு கேட்காமல் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"மாத்திரையை நிறுத்திட்டாரா? யாரும்மா நிறுத்தச் சொன்னது?"

"பூசாரிங்க."

"எந்த ஆஸ்பத்திரிம்மா அவரு?"

"பிடாரி கோயிலுங்க."

 டாக்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அம்மா, நல்லாக் கேட்டுக்கங்க. பூச்சோட வேலை வேற, மாத்திரையோட வேலை வேற. பூச்சு சதையைத்தான் அடக்கும். ரத்தம் கம்பியில ஒட்டி ஒறஞ்சிராம பாக்குறது மாத்திரை. நிறுத்துனா கம்பிக்குள்ளயே ரத்தம் கட்டிக்கும். போன தடவை லாரி புடிச்சு வர நேரம் இருந்துச்சு. இந்தத் தடவை அது இருக்கும்னு சொல்ல முடியாது. இப்பவே குடுங்க."

சாயங்காலம் அவள் பால் செம்போடு கோயிலுக்குப் போனாள். ஆவுடையப்பன் மஞ்சள் வேட்டியில், கையில் வேப்பிலைக் காப்போடு, கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.  பாலை ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"பாலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"மாத்திரையை நுணுக்கிப் போட்டிருக்கேன்."

சொல்லி முடித்ததும் அவளே தன் வாயில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். ஆவுடையப்பன் பாலை அப்படியே செம்பரத்தைச் செடியின் தூரில் ஊற்றினார்.

"டாக்டரு சொல்றாங்க, பூச்சு வேற மாத்திரை வேறயாம். பூச்சு சதைக்கு, மாத்திரை ரத்தத்துக்கு."

"கம்பிக்குப் பூச்சுதான் எல்லாம். எனக்குத் தெரியாததா?"

"ஏங்க, என் தோசைக்கல்லைப் பாருங்க. மாசக்கணக்குல பழக்கின கல்லு. அதுக்காகத் தோசைக்குத் தோசை எண்ணெய் தொடைக்காம ஊத்துறேனா? ஊத்துனா வருமா? ஒட்டிக்காது? பழக்குனது வேற, தொடைக்கிறது வேற."

அவர் கொஞ்சம் யோசித்த மாதிரித்தான் இருந்தது. பிறகு தலையை ஆட்டினார். "கல்லு வேற, கம்பி வேற. சொர்ணம், நான் இப்ப மாத்திரையைத் தொட்டா காப்பை அவுக்கணும். அவுத்தா கரகம் மலைக்கொழுந்து தலைக்குப் போகும். எங்கப்பா முட்டி தேஞ்சு போனப்ப கடைசியா என்கிட்டச் சொன்னது அது ஒண்ணுதான், விட்டுறாதடான்னு. நான் வேற எதைக் கேட்டிருக்கேன் ஒன்கிட்ட?"

கேட்டதில்லைதான். காலிச் செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

திரும்பி வருகிற வழியில் மருதாயி கூடவே வந்தாள்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு மனுசர் சொன்னாக் கேக்க மாட்டாரு. ஆத்தா சொன்னாத்தான் கேப்பாரு. நாளைக்குக் காலம்பற உறுமி அடிக்கிறப்ப ஒங்க மேல ஆத்தா எறங்குனா?"

"என் மேல எதுக்கு எறங்குறா? முப்பது வருசமா எறங்காதவ?"

"எறங்க வேணாம்க்கா. எறங்குன மாதிரி."

"எனக்கு அதெல்லாம் வராதுடி."

"எங்க வீட்டு ஆளைப் பாருங்க. கட்டுப்பாடு கட்டுப்பாடுன்னு ஊரு முன்னாடி என்னா பேச்சு. சுண்ணாம்பு டப்பாவுக்குள்ள சக்கர வியாதி மாத்திரையை வச்சுக்கிட்டு வெத்தல போடுற சாக்குல முழுங்குது. நான்தானே அடைச்சுக் குடுத்தேன். அதுக்கு வருது, ஒங்களுக்கு வராதா?"

கடைக்குப் பின்னால் போய்ச் சொர்ணவல்லி முயற்சி பண்ணிப் பார்த்தாள். கூந்தலை அவிழ்த்தாள். "ஏ... ஏய்..." என்றாள். வேலிமேல் இருந்த மயில் ஒன்று பதிலுக்கு அகவியது. அது அகவியதில் அவளைவிட அருள் இருந்தது. "டேய், நான் பிடாரி வந்திருக்..." என்றவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். "வரல, வரல. யாரும் வரல" என்று மயிலைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கூந்தலை முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை பூசை. காப்புக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஆவுடையப்பன் முதல் ஆளாக நின்றார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. வெயிலோ, விரதமோ, வேறெதுவோ.  நடிக்க வேண்டாம், ஊரைக் கூட்டி உள்ளதைச் சொல்லிவிடலாம், அப்புறம் அவர் காலத்துக்கும் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று சொர்ணவல்லி முடிவு கட்டினாள். மடியில் மாத்திரை அட்டையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றாள்.

உறுமிக்காரர்கள் காதில் விழவில்லை. "நிறுத்துங்கய்யா" என்றாள். அவள் கையை ஆட்டுகிறாளே என்று அவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அவள் இன்னும் சத்தமாகக் கத்தினாள். பூசாரி காட்டிய சாம்பிராணிப் புகை கண்ணில் ஏறி, கண் சிவந்து, தண்ணீர் கொட்டிற்று. ஆத்திரத்தில் தலையை ஆட்டியதில் கொண்டை அவிழ்ந்து விழுந்தது. புகை தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு இரண்டடி வைத்தவள், தீச்சட்டிக்குப் பக்கத்தில் கொட்டியிருந்த சூட்டுச் சாம்பலை மிதித்துவிட்டு ஒரு குதி குதித்தாள்.

"ஆத்தா வந்துட்டா!" என்றது ஒரு குரல். அது மருதாயியின் குரல்.

பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டு பேர் ஓடிவந்து அவள் இடுப்பில் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பூசாரி நெற்றி நிறையத் திருநீறு பூசினார். உறுமி சட்டென்று நின்றது.

"தாயே, வந்திருக்கிறது யாரு?"

"யாரும் வரல" என்றாள் சொர்ணவல்லி. "நான் சொர்ணவல்லி. விலக்குல இட்லிக்கடை வச்சிருக்கேன்."

கூட்டம் உருகிப்போயிற்று. "ஆத்தா வெளையாடுறா" என்றார் பூசாரி. "ஏழை பேரை எடுத்துக்கிட்டா பாரு."

"வெளையாடலய்யா. என் புருசன் மாத்திரை முழுங்கணும். நேத்திலேருந்து முழுங்கல. முழுங்கலன்னா செத்துப் போயிருவாரு."

"என்ன மாத்திரை தாயே?"

"டிகாகிரலார். தொண்ணூறு மில்லி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கூட ஆஸ்பிரின்."

பூசாரிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவருக்கு விளங்காத பாஷை ஒரு சாமிக்கு வருவதை அவர் இதற்கு முன் கேட்டதில்லை. "டிகாகிரலார், டிகாகிரலார்" என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மலைக்கொழுந்து முன்னால் வந்தார். அவர் லேசில் சிலிர்க்கிற ஆள் இல்லை.

"ஆத்தாதான்னா என்ன அத்தாட்சி? என் மதினிக்கே மாத்திரை பேரு தெரியும். ஆத்தான்னா, யாருக்கும் தெரியாத ஒண்ணைச் சொல்லட்டும். என்கிட்ட என்ன இருக்கு?"

"சுண்ணாம்பு டப்பாவுக்குள்ள சக்கர மாத்திரை இருக்கு" என்றாள் சொர்ணவல்லி. கேட்டால் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான். "வெத்தல போடுற சாக்குல முழுங்குறீங்க. மருதாயி சொன்னா."

மலைக்கொழுந்து வெட்டின வாழை மாதிரி அவள் காலில் விழுந்தார். கூட்டம் பின்வாங்கியது. மருதாயி சொன்னதாகச் சொல்கிறாளே என்று யாரோ இழுத்தார்கள்.

"மருதாயி வாயில பேசினதும் ஆத்தாதான்" என்றார் பூசாரி. மருதாயி அதை மறுக்கவில்லை.

அதற்கப்புறம் கோயிலுக்குள் ஒரு நெரிசல். காப்புக்காரர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். ஒருவர் இடுப்பு முடிச்சிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்தார். ஒருவர் தலைப்பாகைக்குள் இருந்து தைராய்டு மாத்திரையை எடுத்தார். "எனக்கு உத்தரவு உண்டா தாயே?" "நிறுத்தலாமா தாயே?" "எனக்குச் சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

"எனக்கென்ன தெரியும்? டாக்டரைக் கேளுங்க!" என்று கத்தினாள் சொர்ணவல்லி.

"உத்தரவு!" என்றார் பூசாரி. "டாக்டரைக் கேட்டுக்கோன்னு ஆத்தா வாக்கு. இனிமே காப்புக்கு மாத்திரை தடை இல்ல." இப்படிச் சொல்லிவிட்டு, அவர் அவளருகே குனிந்து, தனக்கு இருக்கிற நெஞ்செரிச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார்.

இவ்வளவிலும் ஆவுடையப்பன் அசையவில்லை. வரிசையில் அப்படியே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கூடியிருந்தவர்களில் அந்தக் குரலைத் தினமும் கேட்கிறவர் அவர் ஒருத்தர்தான். பால் பொங்கி வழிந்தால், மயில் மாவுக் குண்டானில் வாய் வைத்தால், அவர் வார்னிஷ் கையோடு சோற்றுக்கு உட்கார்ந்தால் வருகிற அதே குரல். இதில் பிடாரி எங்கேயும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டம் கலைந்துவிடும், கட்டுப்பாடு மறுபடியும் கட்டுப்பாடாகிவிடும்.

சொர்ணவல்லி துண்டைப் பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். உள்ளங்கையில் மாத்திரை. நெற்றியெல்லாம் திருநீறு, கண்ணெல்லாம் புகை.

அவர் யாருக்கும் கேட்காமல் கேட்டார். "ஆத்தாவா, நீயா?"

பொய் ஒன்று வாய்வரைக்கும் வந்தது. அவள் வாழ்க்கையில் எந்தப் பொய்யும் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. "ஆத்தா" என்று மூன்று எழுத்தைச் சொன்னால் போதும், மாத்திரை உள்ளே போய்விடும்.

"நான்தாங்க" என்றாள். "எனக்கு நீங்க வேணும். முழுங்குங்க."

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். பிறகு, பெண் பார்க்கப் போன அன்றைக்கு அப்புறம் ஊர் பார்க்காத ஒன்றைப் பண்ணினார். சிரித்துவிட்டார். அருள் வந்தவர் முன்னால் சிரிக்கலாமா என்று யாரோ அதட்டினார்கள். அவர் மாத்திரையை வாங்கி வாயில் போட்டு, தீர்த்தத்தை வாங்கி முழுங்கினார். ஒன்றுமே சொல்லவில்லை. பேசாத ஆள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு வந்த நாட்களில் சொர்ணவல்லி, அது பிடாரி இல்லை, தான்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். பொய்யே வராத பொம்பளை என்று ஊருக்கே தெரியும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒருத்தர்கூட அவளை நம்பவில்லை. "சாமி வந்துட்டுப் போனா, வந்தது தெரியாதும்மா" என்று அவளுக்கே எடுத்துச் சொன்னார்கள்.

டாக்டருக்குப் போன் பண்ணி, மாத்திரை ஆரம்பித்தாயிற்று என்று சொன்னாள். ஆளைக் கூட்டிவரச் சொல்லி, திருச்சியில் ஒரு தடவை பார்த்தார்கள். காப்புக் கட்டிக் கோயிலிலேயே தங்க வேண்டியவர் எப்படிப் போகலாம் என்று மலைக்கொழுந்துகூடக் கேட்கவில்லை. டாக்டரைக் கேள் என்பது ஆத்தா வாக்கு. "பூக்கரகம் தூக்கலாமா?" என்று ஆவுடையப்பன் கேட்டதற்கு, என்ன எடை, எவ்வளவு தூரம் என்று விசாரித்துவிட்டு, மெதுவாக, நடுவில் நிறுத்தி நிறுத்தித் தூக்கலாம் என்றார் டாக்டர் கலைமதி. அவர் மாதிரிக் கம்பியைத் திரும்பக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பூச்சு எது, மாத்திரை எது என்று ஆவுடையப்பனே அவருக்கு விளக்கினார். நடுவில் தோசைக்கல் வந்தது.

எட்டாம் நாள் காலை, ஊரணியில் முங்கி எழுந்து, ஆவுடையப்பன் தலையில் கரகம் ஏறியது. வேப்பிலையும் அரளியும் கட்டி, உச்சியில் எலுமிச்சம்பழம். உறுமி முன்னால், குடையோடு மலைக்கொழுந்து பின்னால். அவர் அண்ணனின் கழுத்தைப் பார்க்கவில்லை, அடிக்கடி தன் வெற்றிலைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். மேலத்தெரு திரும்புகிற இடத்தில் பூசாரி கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்கப்பா! மாத்திரை நேரம்!"

உறுமி நின்றது. தெருவில் அத்தனை வீட்டு வாசலிலும் செம்பில் தண்ணீர் வைத்திருந்தார்கள். காப்புக்காரர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். மலைக்கொழுந்து ஊர் பார்க்க, வெயிலில் காட்டி, டப்பாவைத் திறந்தார்.

கரகம் தலையில் இருக்கையில் கையை எடுக்கக்கூடாது, தலையை அண்ணாந்து குடிக்கவும் முடியாது. சொர்ணவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் நேர் முன்னால் நின்றாள். மாத்திரையை நாக்கில் வைத்தாள், செம்பை உதட்டில் சாய்த்தாள். எலுமிச்சம்பழம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"மெல்லாதீங்க. கசக்கும். முழுங்குங்க."

தொண்டை ஏறி இறங்கிற்று.

"போச்சா?"

"ம்."

"வாயைத் தொறங்க, பாக்குறேன்."

திறந்தார். நன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, அவள் உறுமிக்காரர்கள் பக்கம் திரும்பித் தலையை அசைத்தாள். உறுமி மறுபடியும் எடுத்தது.